ஊரே இடிந்தது, ஒரு வீடு நின்றது!

பூகம்பத்தில் உயிர் தப்புவது எப்படி?

பூமி ஆடினால் வீடு இடியத்தான் செய்யும், அது தலைவிதி என்று பலரும் நினைக்கிறார்கள்.

அது தவறு. அதற்கு ஒரு வீடே சாட்சி. அந்த வீடு இருந்த ஊரின் பெயர் கில்லாரி.

கில்லாரி, மராட்டிய மாநிலத்தில், லாத்தூர் மாவட்டத்தில் உள்ள கிராமம். 1993-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் அங்கே விநாயகர் சதுர்த்தி விழா நடந்து முடிந்தது. பிள்ளையார் சிலைகளை நீரில் கரைத்துவிட்டு வந்த மக்கள், களைத்துப் போய்ப் படுத்தார்கள்.

செப்டம்பர் 30-ந் தேதி, விடியற்காலை 4 மணி அடிக்கச் சில நிமிடங்களே இருந்தன. அப்போது பூமி குலுங்கியது. பலர் கண் விழிக்கவே இல்லை. அந்த வட்டாரத்தில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டார்கள்.

அந்தப் பூகம்பத்தின் அளவு 6.2. உலகில் 6-க்கும் 7-க்கும் இடைப்பட்ட பூகம்பங்கள் ஆண்டுதோறும் நூற்றுக்கு மேல் உண்டாகின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றில் இவ்வளவு பேர் சாவதில்லை.

கில்லாரியில் மட்டும் ஏன் இத்தனை சாவு?

எமனான சுவர்

அங்கே பல வீடுகளின் சுவர்கள் 2 அடிக்கும் மேல் பருமனானவை. பார்த்தால் கோட்டை போல இருக்கும். ஆனால் உள்ளே பலம் இல்லை. வெளியே ஒரு வரிசைக் கல், உள்ளே ஒரு வரிசைக் கல், நடுவில் சில்லும் மண்ணும். கல்லோடு கல்லை ஒட்ட வைத்தது வெறும் சேறு. மேலே மரப் பலகை. அதன்மேல் கனத்த மண் கூரை. வெயில் காலத்துக்கு அது குளிர்ச்சியாக இருந்தது.

பூமி குலுங்கியதும் இரண்டு வரிசைக் கற்களும் பிரிந்தன. சுவர் சரிந்தது. மண் கூரை அப்படியே, தூங்கியவர்கள் மேல் இறங்கியது.

தப்பிய வீடு

அதே கில்லாரியில் ஒரு வீடு அனேகமாகச் சேதமே இல்லாமல் நின்றது! அதுவும் சுவர் எழுப்பிக் கட்டிய வீடுதான். ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது.

கதவு, ஜன்னல்களுக்கு மேலே லிண்டல் போடுகிறோம் அல்லவா? மற்றவர்கள் வாசலுக்கு மேல் மட்டும் போடுவார்கள். அந்த வீட்டில் அது எல்லாச் சுவர்களையும் சுற்றி ஒரே பட்டையாக ஓடியது.

மாட்டு வண்டிச் சக்கரத்தை நினைத்துப் பாருங்கள். சுற்றிலும் இரும்புப் பட்டை இருப்பதால்தான் மரத்துண்டுகள் பிரிவதில்லை. வீட்டுக்கும் அப்படியே. கம்பி வைத்த கான்கிரீட் பட்டை நான்கு சுவர்களையும் ஒன்றாகப் பிடித்துக் கொள்கிறது. சுவர்கள் ஆளுக்கொரு பக்கம் சாய முடியாது.

பூமி ஏன் ஆடுகிறது?

பூமியின் மேல் ஓடு ஒரே துண்டு அல்ல. பல பெரிய பாறைத் தட்டுகள். நம் இந்தியா இருக்கும் தட்டு ஆண்டுக்கு சுமார் 5 செண்டிமீட்டர் வடக்கே நகர்ந்து, ஆசியாவை முட்டுகிறது. அந்த முட்டலில் எழுந்ததுதான் இமயமலை.

முட்டும் அழுத்தம் மற்ற பகுதிப் பாறைகளிலும் சேர்கிறது. தாங்க முடியாத நேரத்தில், பழைய விரிசலில் பாறை சட்டென்று நழுவுகிறது. அந்த அதிர்ச்சிதான் பூகம்பம்.

தென்னாட்டுக்கு இது வராது என்று நினைக்க வேண்டாம். 1900-ம் ஆண்டு பிப்ரவரி 8-ந் தேதி கோயம்புத்தூர் வட்டாரமும் அதிர்ந்திருக்கிறது. எந்த நாளில், எத்தனை மணிக்கு வரும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அப்படிச் சொல்லும் வதந்தியை நம்பாதீர்கள்.

வீடு கட்டும்போது

* லிண்டல் பட்டை வீட்டைச் சுற்றி இடைவெளி இல்லாமல் ஓட வேண்டும். மூலைகளிலும் கம்பி தொடர வேண்டும்.

* சுவர் மூலையை ஒட்டிக் கதவு, ஜன்னல் வைக்கக் கூடாது.

* கல் சுவர் என்றால், இருபுறமும் எட்டும் நீளக் கற்களை இடையிடையே வைக்க வேண்டும்.

* பழைய வீட்டையும் பலப்படுத்தலாம். இன்ஜினீயரைக் கேட்டுச் செய்யுங்கள்.

* பீரோவைச் சுவரோடு பிணையுங்கள். பாத்திரம் அடுக்கிய பரணுக்குக் கீழே குழந்தைகளைப் படுக்க வைக்காதீர்கள்.

பூமி குலுங்கும்போது

* உறுதியான மேஜைக்கு அடியில் புகுந்து, அதன் காலைப் பிடித்துக் கொள்ளுங்கள். மேஜை இல்லையா? கண்ணாடி, பீரோவை விட்டு விலகிக் குனிந்து, தலையையும் கழுத்தையும் கைகளால் மூடுங்கள்.

* கட்டிலில் இருந்தால் எழுந்து ஓடாதீர்கள். தலையணையால் தலையை மூடிக் கொள்ளுங்கள்.

* மாடியில் இருந்தால் படிக்கட்டுக்கு ஓடக் கூடாது, லிப்டில் ஏறக் கூடாது, குதிக்கவும் கூடாது.

* கனத்த மண் கூரை வீட்டில் வாசலை ஒட்டி இருந்தால் மட்டும், உடனே வெட்டவெளிக்குப் போய்விடுங்கள்.

* தெருவில் இருந்தால் சுவர், மரம், மின்கம்பம் ஆகியவற்றை விட்டு விலகி நில்லுங்கள்.

ஆட்டம் நின்ற பிறகு

செருப்புப் போட்டுக் கொண்டு வெளியே வாருங்கள். தரையில் கண்ணாடி கிடக்கலாம். கியாஸ் சிலிண்டரை மூடுங்கள். தீக்குச்சி கிழிக்காதீர்கள். விரிசல் கண்ட வீட்டுக்குள் நகை, பணம் எடுக்க நுழையாதீர்கள். சிறு அதிர்ச்சிகள் மீண்டும் மீண்டும் வரும். அரைகுறையாக நிற்கும் சுவர் அப்போது விழும்.

டார்ச் விளக்கு, குடிதண்ணீர், மருந்து, விசில் ஆகியவற்றை ஒரு பையில் வைத்திருங்கள். இடிபாட்டில் சிக்கியவர் கத்திக் களைப்பதைவிட விசில் ஊதுவது நல்லது. குடும்பத்தார் எங்கே கூடுவது என்பதையும் இன்றே பேசி வையுங்கள்.

புது வீடு கட்டுகிறீர்களா? லிண்டல் போடும் நாளில் மேஸ்திரியிடம் கேளுங்கள்: “பட்டை வீட்டைச் சுற்றி முழுவதும் ஓடுகிறதா?” அதற்கு ஆகும் செலவு, வீட்டுச் செலவில் சிறு பங்குதான். கில்லாரியில் அந்தப் பட்டைதான் ஒரு வீட்டைக் காப்பாற்றியது.