941

கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மூன்று சேர்வர்களைச் சேர்த்து ‘செஃப்’ என்ற மென்பொருளில் களஞ்சியம் அமைத்திருக்கிறாராம். டிஸ்க் எல்லாம் புதிது, ஆனால் ஒரு கோப்பை எழுதுவதற்குள் தேத்தண்ணி ஆறிவிடுகிறதாம். டிஸ்க்கை மாற்றுவதா, மென்பொருளை மாற்றுவதா என்று கேட்கிறார். இரண்டிலும் கை வைக்க முன் சேர்வர்களுக்கிடையே ஓடும் வயரை அளந்து பாருங்கள்.

செஃப் வழக்கமாக எதையும் மூன்று கொப்பி வைக்கும். முதல் சேர்வர் மற்ற இரண்டுக்கும் அனுப்பி, அவையும் எழுதி முடித்த பிறகே ‘சரி’ என்று பதில் வரும். ஆக, ஒரு வயர் நொண்டினால் எல்லாம் நொண்டும்.

அளக்க ஐபெர்ஃப்3 போதும். அமெரிக்காவின் ஈஎஸ்நெட் ஆராய்ச்சி வலையமைப்பு பராமரிக்கும் இலவச மென்பொருள் அது. ஒரு சேர்வரில் கேட்கவும் இன்னொன்றில் அனுப்பவும் விட்டால், 10 செக்கன் தரவைக் கொட்டி, போய்ச் சேர்ந்த வேகத்தைச் சொல்லும். டிஸ்க்கை அது தொடுவதேயில்லை. அதனால்தான் பழி வயருக்கா டிஸ்க்குக்கா என்று பிரித்துக்காட்ட அதனால் முடிகிறது.

ஒரு கிகாபிட் இணைப்பு நன்றாக இருந்தால் 1000 மெகாபிட் வராது, 941 வரும். எனக்கு மிகப் பிடித்த எண் இது. ஒவ்வொரு பெக்கெட்டும் சுமக்கும் சரக்கு 1448 பைட். அதற்கு முகவரி, சரிபார்ப்பு என்று 52 பைட்டும், ஈதர்நெட்டின் தலைப்பு, வால், இடைவெளி என்று 38 பைட்டும் சேர்ந்து வயரில் 1538 பைட் இடம் பிடிக்கும். வகுத்துப் பாருங்கள், 0.941. எங்கள் தோட்டத்து மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிப்பார்கள் அல்லவா, அதே கழிவுதான். ஆனால் இங்கே கணக்கப்பிள்ளையின் மனம்போல அது கூடுவதில்லை. பெக்கெட்டை 9000 பைட்டாகப் பெருப்பித்தால் கழிவு குறைந்து 990 வரை வரும். அதற்கு வழியிலுள்ள எல்லாக் கார்டும் ஸ்விட்ச்சும் சம்மதிக்க வேண்டும். ஒன்று மறுத்தாலும் சின்னப் பெக்கெட் போகும், பெரியது காணாமற்போகும். பிங் அடித்தால் பதில் வரும், களஞ்சியமோ தொங்கிக்கொண்டு நிற்கும்.

இணைப்பு 94 காட்டினால்? கிகாபிட்டுக்கு கேபிளின் நான்கு சோடிக் கம்பிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு சோடி போதும். மற்ற இரண்டு சோடியில் ஒரு கம்பி விட்டுப்போனால் பல கார்டுகள் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். பச்சை லைட் வழமைபோலவே மினுங்கும், யாருக்கும் தெரியாது. செம்பு பூசிய அலுமினியக் கம்பியை நல்ல கேபிள் என்று விற்கிறார்கள், மலிவு என்று நாமும் வாங்குகிறோம். லட்சக்கணக்கில் சேர்வர் வாங்குகிறவர் கேபிளில் மிச்சம் பிடிப்பதை என்னவென்பது!

இதன் விலை டிஸ்க் ஒன்று செத்த நாளில்தான் தெரியும். ஒரு டெராபைட்டை மீண்டும் கொப்பி எடுக்க 941இல் 2 மணி 20 நிமிடம் சொச்சம், 94இல் ஏறக்குறைய ஒரு முழு நாள். அதற்குள் இன்னொரு டிஸ்க்கும் போகலாம்.

பெரிய ஆராய்ச்சி வலையமைப்புகள் பர்ஃப்சோனார் என்ற தொகுதியை வைத்துத் தங்கள் இணைப்புகளை ஓயாமல் அளக்கின்றன. அதற்குள்ளும் இருப்பது ஐபெர்ஃப்தான். பேராதனை உட்பட நம் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்னும் அந்த வகையைச் சேர்ந்த வலையமைப்பே. நம் கந்தோர்களில் மட்டும் ஏதாவது நின்றுபோனால்தான் அளவுகோலைத் தேடுகிறோம்.

வாசகருக்கு ஒரு வார்த்தை. மூன்று சேர்வர் என்றால் மூன்று சோடி, இரண்டு திசை, ஆறு எண்கள். ஆறும் 941ஐ ஒட்டி வந்தால், முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கும், இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கும், மூன்றாவதிலிருந்து முதலாவதுக்கும் ஒரே நேரத்தில் ஓடவிடுங்கள். தனியே ஓடியபோது வந்த எண் அப்போது பாதியாகிவிட்டால், டிஸ்க்கை விட்டுவிட்டு ஸ்விட்ச்சை மாற்றுங்கள்.