முட்டிக்கு நடையும் வேண்டும், நாற்காலியும் வேண்டும்

“ஜவ்வு தேஞ்சு போச்சு, இனிமே அதிகம் நடக்காதீங்க.” முட்டிவலியோடு இருக்கும் அம்மாக்களுக்கு அக்கம்பக்கத்தில் கிடைக்கும் முதல் அறிவுரை இது. அன்பாகச் சொல்வதால் அவர்களும் கேட்டுக்கொள்கிறார்கள். முதலில் கோயிலுக்குப் போவது நிற்கிறது. பிறகு கடைத்தெரு, அதன்பின் மாடிப்படி. சில மாதங்களில் கட்டிலைவிட்டு எழவே இன்னொருவர் கை தேவைப்படுகிறது. முட்டியைக் காக்கச் சொன்ன வார்த்தை, காலின் பலத்தைக் கொண்டுபோய்விடுகிறது.

அசைந்தால்தான் ஊட்டம்

செருப்பு தேய்வதுபோல நடக்க நடக்க முட்டியும் தேயும் என்று நினைக்கிறோம். உடம்பின் கணக்கு வேறு. எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பில் ரத்தக்குழாய்கள் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் வழுவழுப்பான திரவம்தான் அதற்குச் சாப்பாடு. காலை ஊன்றும்போது குருத்தெலும்பு அழுந்துகிறது; எடுக்கும்போது பஞ்சுபோல அந்தத் திரவத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அசைவு நின்றால் ஊட்டமும் குறைகிறது. தொடைத் தசையும் மெலிவதால், அது தாங்க வேண்டிய பாரமும் மூட்டின்மேல் விழுகிறது.

எப்படித் தொடங்குவது?

நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டுங்கள். ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, மெதுவாக இறக்குங்கள். காலுக்குப் பத்து முறை போதும். பழகிய பின், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரலாம். நடையை ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் என்று பிரித்துக்கொள்ளலாம். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது போய்ச்சேர வேண்டிய இடம். ஐந்து நிமிடத்தில் தொடங்கினாலும் தொடக்கம்தான்.

பயிற்சியின்போது லேசாக வலிப்பது இயல்பு. ஆனால் முடித்து இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் வலி வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்தால், அடுத்த முறை அளவைக் குறையுங்கள், அடியோடு விட்டுவிடாதீர்கள். ஊன்றுகோலை வலியில்லாத பக்கத்துக் கையில் பிடியுங்கள். தரையில் சம்மணமிடுவதும் குத்துக்காலிட்டு உட்காருவதும் முட்டியை அதிகம் அழுத்துபவை. அரிவாள்மணை வேலையை மேசைக்கு மாற்றலாம். கழிப்பறையில் மேற்கத்திய பீங்கான் அல்லது கமோடு நாற்காலி வைக்கலாம். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடியிலும் முட்டி சுமக்கும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறையும்.

எங்கே எச்சரிக்கை தேவை?

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைதான் பெரிய ஆபத்து. டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் போன்றவற்றை மாதக்கணக்கில் விழுங்கினால் குடல்புண், ரத்தக்கசிவு, சிறுநீரகப் பாதிப்பு, மாரடைப்பு வரலாம். பெயர்ச்சீட்டில்லாத ‘வாத’ப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும். ஓரிரு நாளில் வலி மாயமாய் மறைந்தால் சந்தேகப்படுங்கள். வாத நோயைக் குணமாக்குவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது.

காலையில் எழுந்ததும் கைவிரல் மூட்டுகள் வீங்கி, ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம். அதற்குத் தனி மருந்து உண்டு. தாமதித்தால் மூட்டு கோணிவிடும். மூட்டு திடீரென்று சிவந்து வீங்கிக் காய்ச்சலும் வந்தாலோ, காலை ஊன்றவே முடியாமல் போனாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நின்றே உழைப்பவர்களின் உரிமை

நடப்பது நல்லது என்றால், நாள் முழுக்க நிற்பதும் நல்லதா? இல்லை. துணிக்கடையிலும் நகைக்கடையிலும் காலையிலிருந்து இரவுவரை ஒரே இடத்தில் நிற்கும் பெண்களுக்குக் கால் வீக்கமும் முட்டிவலியும்தான் மிச்சம். அவர்களுக்காகத்தான் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 2021-இல் திருத்தப்பட்டது. வேலையின் நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டியது முதலாளியின் கடமை. தராவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் செய்யலாம்.

அரசுப் பணியில் இருக்கும்போது மூட்டு நோயால் உடல் ஊனம் ஏற்பட்டால், அதைக் காட்டி வேலையைவிட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. ஊனம் 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று மருத்துவச் சான்று கிடைத்தால் அரசு உதவிகளுக்கும் விண்ணப்பிக்கலாம்.

உதவி கிடைக்கும் இடங்கள்

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து வையுங்கள். விவரம் கேட்க 104 என்ற எண் உண்டு.

எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிவதாலேயே அறுவை சிகிச்சை தேவை என்றாகிவிடாது. பயிற்சி, எடை குறைப்பு, மருந்து எல்லாம் பார்த்த பிறகும் வாழ்க்கை முடங்கினால் யோசிக்கலாம். அப்போதும் இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்பது உங்கள் உரிமை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் முதலில் அதைக் காட்டிக் கேளுங்கள். செயற்கை முட்டிகளுக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு விலை உச்சவரம்பு கொண்டுவந்தது. ஆகவே பில்லில் செயற்கை முட்டியின் பெயரும் விலையும் தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று வலியுறுத்துங்கள். கூடுதலாக வசூலித்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் முறையிடலாம்.

இத்தனைக்கும் முன்னால், வீட்டில் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. “நடக்காதீங்கம்மா” என்று சொல்லும் வாயால், “வாங்கம்மா, தெருமுனை வரைக்கும் போயிட்டு வரலாம்” என்று கூப்பிடுங்கள். அவர் வேகத்துக்கு நீங்கள் நடங்கள்.