மாதிரி விமான எஞ்சினுக்கு எந்த மின்கலம்?

கண்டியிலிருந்து அம்பிட்டியவுக்கு ஏறிச் செல்லும் முச்சக்கரவண்டியின் எஞ்சினைத் தொடக்குவதற்கு 12 வோல்ற்று ஈய அமிலப் பற்றரி பயன்படுகின்றது. 1.5 வோல்ற்று உலர்கலங்கள் எட்டைத் தொடராக இணைத்தாலும் 12 வோல்ற்றே கிடைக்கும். ஆயினும் ரோச்சில் இடும் அச்சிறு கலங்களால் அந்த எஞ்சினைத் தொடக்க முடியாது. ஏன்? "வோல்ற்றளவு போதாது" என எழுதினால் உங்களுக்குப் புள்ளி கிடைக்காது. கலத்தின் உள்ளேயே ஓட்டத்துக்கு ஒரு தடை உண்டு. அதுவே அகத்தடை ஆகும்.

மாதிரி விமானங்களில் இது தெளிவாகப் புலப்படும். 1930களில் ஐக்கிய அமெரிக்காவில் பயன்பட்ட பிரவுண் ஜூனியர் போன்ற சிறு பெற்றோல் எஞ்சின்களுக்குத் தீப்பொறி தேவைப்பட்டது. எனவே தூண்டற் சுருள், கொள்ளளவி, பற்றரி யாவற்றையும் விமானமே சுமந்தது. ஈய அமிலக் கலம் மிகப் பாரமானது. ஆகவே சிறிய உலர்கலங்களை விமானத்தில் வைத்து, தொடக்கும்போது மட்டும் நிலத்திலிருந்த பெரிய பற்றரியை இணைத்தனர்.

1947இல் ரே ஆர்டன் என்பவர் 'குளோ பிளக்' எனும் செருகியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இதில் தீப்பொறி இல்லை; பிளாற்றினம் கலந்த மெல்லிய கம்பிச்சுருளே உண்டு. அதை மின்னால் செஞ்சூடாக்கி எஞ்சினைத் தொடக்கியபின் கலத்தைக் கழற்றிவிடலாம். எரிபொருளிலுள்ள மெதனோலின் தாக்கத்துக்குப் பிளாற்றினம் ஊக்கியாவதாலும், தகன வெப்பத்தாலும் சுருள் தொடர்ந்து ஒளிரும். பாரம் பற்றிய கவலை இத்துடன் தீர்ந்தது. ஆனால் தொடக்குவதற்கு ஏறத்தாழ 3 அம்பியர் வேண்டும்.

சுருளின் தடை 0.5 ஓம் எனக் கொள்வோம். 1.5 வோல்ற்று உலர்கலத்தின் அகத்தடையும் 0.5 ஓம் எனின், மொத்தத் தடை 1 ஓம், ஓட்டம் 1.5 அம்பியர். சுருளில் பிறக்கும் வலு 1.5 × 1.5 × 0.5, அதாவது ஏறத்தாழ 1.1 வாற்று. இனி 1.2 வோல்ற்று நிக்கல் – கட்மியம் கலத்தை எடுங்கள். அகத்தடை 0.02 ஓம் எனின் ஓட்டம் 2.3 அம்பியர், வலு 2.6 வாற்றுக்கு மேல். வோல்ற்றளவு குறைந்த கலம் இருமடங்குக்கும் அதிகமாகச் சூடாக்குகின்றது! இந்த இடத்தை ஒருமுறை நீங்களே கணித்துப் பாருங்கள்.

இன்றைய பெரிய மாதிரி விமானங்களின் பெற்றோல் எஞ்சின்களில் இலத்திரனியல் தீப்பொறிச் சுற்று உண்டு. இதற்குரிய பற்றரி மீண்டும் விமானத்திலேயே செல்கின்றது. நிக்கல் – உலோக ஐதரைட்டுக் கலங்கள் நான்கு 4.8 வோல்ற்றும், இலித்தியம் இரும்புப் பொசுபேற்றுக் கலங்கள் இரண்டு 6.6 வோல்ற்றும் தரும். இலித்தியம் பொலிமர்க் கலங்கள் இரண்டு முழுமையாக மின்னேற்றியதும் 8.4 வோல்ற்றைத் தருமாதலால், 6 வோல்ற்றுக்கு அமைத்த சுற்றுடன் நேரடியாக இணைத்தால் அது பழுதடையக்கூடும்.

பயிற்சி: மேற்கூறிய 0.5 ஓம் சுருளை 2 வோல்ற்று ஈய அமிலக் கலத்துடன் இணைத்தால் 4 அம்பியர் பாய்ந்து சுருள் எரிந்துவிடலாம். ஓட்டத்தை 3 அம்பியராக்கத் தொடராக இணைக்க வேண்டிய தடை யாது? அகத்தடையைப் புறக்கணிக்க. (விடை: ஏறத்தாழ 0.17 ஓம். நீண்ட மெல்லிய இணைப்புக் கம்பியே இதற்குப் போதும்.)