உயரப் பந்தும் ஓடும் கண்ணும்

பேஸ்பால் ஆட்டத்தில் மட்டையாளருக்கு மிகத் தொலைவில், புல்வெளியில் மூவர் நிற்பர். அவர்களே வெளிக்களத்தார். அமெரிக்கச் சிறுவர் ஆட்டங்களில் அவ்விடம் பெரும்பாலும் கைதேராத பிள்ளைக்கே ஒதுக்கப்படுகிறது. அங்கே பந்து அடிக்கடி வருவதில்லை. வரும் பந்தோ வானோங்கி வருகிறது. அதன் கீழே உரிய நேரத்தில் சென்று சேர்வது, அவ்வாட்டம் கண்ணுக்கு இடும் கடும் பணிகளுள் ஒன்று. தம் பிள்ளைக்கு அதைப் பயிற்ற விரும்பும் பெற்றோர், கண் அங்கே என்ன செய்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

1968-இல் செவில் சாப்மன் என்னும் அமெரிக்க இயற்பியலாளர் அதற்கொரு விடை கூறினார். பந்தின் உயரத்தை, நமக்கும் அதற்கும் இடையிலுள்ள தரைத்தொலைவால் வகுத்தால் வருவதைப் பார்வைச் சாய்வு எனக் கொள்வோம். பந்து விழும் இடத்திலேயே நிற்பவருக்கு இச்சாய்வு ஒரே சீராக ஏறும்.

பந்து 3 நொடி வானில் இருந்து 45 மீட்டர் தொலைவில் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். காற்றின் தடையை ஒதுக்கிக் கணக்கிட்டால், விழுமிடத்தில் நிற்கும் பிள்ளைக்குச் சாய்வு முதல் நொடி முடிவில் 0.33, இரண்டாம் நொடி முடிவில் 0.65. அதே பிள்ளை 6 மீட்டர் முன்னே நின்றிருந்தால் 0.41, பின் 1.09, ஏற்றம் விரைகிறது, பந்து தலையைக் கடந்துவிடும். 6 மீட்டர் பின்னே நின்றிருந்தால் 0.27, பின் 0.47, ஏற்றம் தளர்கிறது, பந்து முன்னே விழும். ஏற்றம் விரைந்தால் பின்செல்க, தளர்ந்தால் முன்செல்க. கால்களுக்கு வேறு கட்டளை வேண்டியதில்லை. விழுமிடத்தை அறியாமலேயே பிள்ளை அங்கே பந்தோடு சென்று சேர்கிறது. காற்றும் சுழற்சியும் பந்தின் வழியை மாற்றினாலும், ஓட்டம் நெடுகத் தன்னைத் திருத்திக்கொள்ளும் இம்முறை அதற்கும் ஈடுகொடுக்கும்.

இடர்ப்பாடு தொடக்கத்தில் இருக்கிறது. முதல் அரை நொடியில் அம்மூன்று இடங்களிலும் சாய்வு முறையே 0.16, 0.19, 0.14. இவ்வளவு சிறிய வேறுபாட்டைக் கண் பிரித்தறிவது அரிது. மட்டையின் ஓசை கேட்டதும் பத்து அகவைப் பிள்ளை இரண்டடி முன்னே பாய்கிறது. சட்டென நிற்கிறது. முகவாய் மேலே மேலே நிமிர்கிறது. கையுறை தலைக்குப் பின்னால் நீள்கிறது. பந்து அதற்கும் அப்பால் புல்லில் விழுகிறது. இதைக் கவனக்குறைவு என்று கடிந்துகொள்வது முறையன்று. போதிய செய்தி கண்ணுக்கு வந்துசேருமுன் அப்பிள்ளை ஓடத் தொடங்கிவிட்டது, அவ்வளவே. முன்னோக்கி ஓடித் திருத்துவது எளிது, பின்னோக்கித் திருத்துவது கடினம் என்பதால்தான் பயிற்சியாளர் பலர் முதல் அடியைப் பின்னே வைக்கச் சொல்கின்றனர்.

கண் தடுமாறும் அந்நேரத்தில் செவி துணைநிற்கிறது. மட்டையின் சரியான இடத்தில் பட்ட பந்து நறுக்கென ஒலிக்கும். தவறிப் பட்டது மந்தமாக ஒலிக்கும். முன்னது தொலைவு செல்லும், பின்னது அருகில் விழும். தேர்ந்த வெளிக்களத்தார் இவ்வொலியைக் கொண்டே புறப்படுகின்றனர் என்று இயற்பியலாளர் இராபர்ட் அடேர் விளக்கினார். பிள்ளையைச் சிறிது நேரம் பந்தைப் பிடிக்கவிடாமல், பிறர் அடிக்கும் ஓசையை மட்டும் கேட்டு “தொலைவு”, “அருகு” என்று சொல்லச் செய்யலாம். பயனுள்ள பயிற்சி இது, செய்வார்தாம் குறைவு.

பந்து வானில் இருக்கும்போது “முன்னே வா! பின்னே போ!” என்று கூவுதல் கூடாது. கண்ணும் காலும் தம்முள் பேசிப் பழகவேண்டிய நேரத்தில் நம் குரல் குறுக்கே நிற்கும். மென்மையான பந்தில் தொடங்குக. அச்சம் உள்ள கண் இமைத்துவிடும். பின்செல்லும்போது உடலைத் திருப்பி ஓடவேண்டும். முதுகுப்புறமாகத் தத்தி நடத்தல் ஆகாது. குதிகால் அதிர ஓடினால் பார்வை குலுங்கும். பந்தே துள்ளுவதுபோல் தோன்றும். ஆதலால் முன்பாதம் ஊன்றி, தலை ஆடாமல் ஓடப் பழக்குக.

1954 செப்டம்பர் 29 அன்று நியூயார்க்கின் போலோ திடலில், விக் வெர்ட்சு அடித்த பந்துக்கு வெளிக்கள ஆட்டக்காரர் வில்லி மேசு முதுகு காட்டி ஓடி, அதைத் தோளுக்கு மேலாக ஏந்தினார். பந்தைப் பார்வையிலிருந்து ஒருகணம் விட்டும் மீண்டும் கண்டுகொள்ளும் அத்திறன் நெடும் பழக்கத்தின் கொடை. சிறுவர்க்கு முதற்பாடமாக அதை வைப்பது பொருந்தாது.

பந்து எறியும் வரிசையும் கருதத்தக்கது. பக்கவாட்டில் செல்லும் பந்து, பின்புலத்தின்மேல் வளையாத நேர்கோடாகத் தோன்றும்படி ஆட்டக்காரர் ஓடுகின்றனர் என ஆய்வாளர் மக்பீத் குழுவினர் 1995-இல் ஒரு விளக்கம் தந்தனர். நேராக வரும் பந்தில் அந்தப் பக்கவாட்டுக் குறிப்பு கிட்டுவதில்லை. அதனால் இடமும் வலமும் எறிந்து பிள்ளைக்கு நம்பிக்கை பிறந்தபின், சில கிழமைகள் கழித்து, நேர்ப்பந்தைத் தொடங்கலாம். அதுவும் முதலில் பிள்ளைக்குச் சற்று முன்னே விழுமாறு.