டியூஷன் தின்னும் மாலைப் பொழுதுகள்

தெற்குக் கொல்கத்தாவில் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குப் போய்ப் பாருங்கள். நடைபாதையில் செய்தித்தாளை விரித்து அம்மாக்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் மடியில் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் நோட்டு. காய்ச்சலில் லீவு போட்ட தன் பையனுக்காக அதைப் பார்த்து மளமளவென்று எழுதிக்கொண்டிருப்பார். பெல் அடித்ததும் புத்தகப் பை அம்மாவின் தோளுக்கு மாறும். டப்பாவில் மிஞ்சிய லுச்சியை, அதாவது வங்காளப் பூரியை, தின்றுகொண்டே பிள்ளை அடுத்த டியூஷன் 'சார்' வீட்டுக்கு நடக்கும்.

ஏசர் (ASER) என்ற கல்வி நிலை ஆய்வின் 2022-ம் ஆண்டு அறிக்கையின்படி, மேற்கு வங்கக் கிராமங்களில் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளில் சுமார் 74 சதவீதம் பேர் காசு கொடுத்து டியூஷன் போனார்கள். நாடு முழுக்க எடுத்தால் கிராமப்புறத்தில் இது 30 சதவீதம் அளவுதான். கிராமத்திலேயே இந்த நிலை. மாத்யமிக் என்ற பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் பயம் பிடித்தாட்டும் கொல்கத்தாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா? அமர்த்தியா சென் தன் நோபல் பரிசுப் பணத்தில் தொடங்கிய ப்ரதீச்சி அறக்கட்டளை, இருபது வருஷங்களுக்கு முன்பே இதைப் பற்றி எச்சரித்தது.

பிள்ளையின் படிப்புக்கு வீடு தரவேண்டியது பணம் மட்டும்தானா? இதே வங்காளம் வேறொரு பதில் வைத்திருக்கிறது. 1828-ல் பீர்சிங்க கிராமத்திலிருந்து எட்டு வயது ஈஸ்வர சந்திரன் அப்பாவோடு கொல்கத்தாவுக்கு நடந்து வந்தான். சாலையோரத்தில் அம்மிக்கல் மாதிரி ஒன்று நட்டிருக்கிறதே, அது என்ன என்று கேட்டான். சொற்பச் சம்பளக்காரரான அப்பா தாகுர்தாஸ், "சும்மா வாடா" என்று அதட்டவில்லை. அது மைல்கல் என்றார், அதிலிருந்த ஆங்கில எண்ணைச் சொல்லிக்கொடுத்தார். அடுத்தடுத்த கற்களில் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்த எண்களைப் பார்த்தே பையன் அவற்றைக் கற்றுக்கொண்டான். சோதிக்க நினைத்த அப்பா, ஆறாம் கல்லை அவன் கண்ணில் படாமல் கடத்தி ஐந்தைக் காட்டினார். "இது ஆறாக இருக்க வேண்டும், தப்பாகச் செதுக்கிவிட்டார்கள்" என்றான் பையன். 1855-ல் வங்காளப் பிள்ளைகளுக்கு 'வர்ணபரிசய்' என்ற அரிச்சுவடியை எழுதித் தந்த வித்யாசாகர் அவர்தான்.

அப்படியொரு கேள்வியைக் கேட்க இன்றைய பிள்ளைக்கு நேரம் எங்கே? இரவு ஒன்பதுக்கு வீடு திரும்பினால் சோறு, ஹோம்வொர்க், தூக்கம். 'தாகுமா' என்று பிள்ளை அழைக்கிற பாட்டி கதை சொல்லக் காத்திருந்து தூங்கிப்போகிறாள். புத்தகங்களை அம்பாள் காலடியில் வைத்துவிடும் சரஸ்வதி பூஜை அன்று மட்டும்தான் பிள்ளைகளுக்கு விடுதலை.

எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் டியூஷனை விட்டால் வேறென்ன செய்வார்கள் என்று சிலர் கேட்பார்கள். நியாயம்தான். ஆனால் அவர்களுக்கும் பேசத் தெரியும், பிள்ளை சொல்வதைக் கேட்கத் தெரியும்.

சென்னையும் மதுரையும் இதே பாதையில்தான் போகின்றன. வாரத்தில் இரண்டு மாலைகளையாவது பிள்ளைக்குத் திருப்பிக் கொடுங்கள். அந்த நேரத்தில் டிவியை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.