வீட்டிற்கு வரும் கைப்பயிற்சி

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் முதலிய ஊர்களில் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அங்கு உழவுத்தொழில் செய்யும் முதியவர் ஒருவர்க்குப் பக்கவாதத்தால் வலக்கை செயலிழந்தது எனக் கொள்வோம். மருத்துவமனையில் உயிர் காக்கப்பெற்று அவர் வீடு திரும்புகிறார். கை மட்டும் அசைய மறுக்கிறது. நாள்தோறும் பேருந்தேறிப் பயிற்சி நிலையம் செல்ல அவரால் இயலாது. உடன் செல்பவரும் அன்றைய கூலியை இழக்க நேரிடும். அவரது கை மீள வழியுண்டா?

வலக்கையை இயக்குவது மூளையின் இடப்பகுதியாகும். அங்குக் குருதியோட்டம் தடைப்பட்டாலோ தலையில் பலத்த அடிபட்டாலோ கைக்குச் செல்லும் கட்டளை நின்றுவிடலாம். இறந்த மூளைச் செல்கள் மீண்டும் உயிர் பெறுவதில்லை. ஆயினும் எஞ்சிய பகுதிகள் புதிய இணைப்புகளை உருவாக்கிக்கொள்ள வல்லவை. ஒரு வாய்க்கால் தூர்ந்தால் நீர் வேறு வழி காண்பது போன்றது இது. ஒரே அசைவைப் பலமுறை செய்யச் செய்ய அவ்விணைப்புகள் வலுப்பெறும். எனவே குவளையை எடுத்தல், நிலக்கடலையைப் பொறுக்குதல், துணியை மடித்தல் முதலிய அன்றாடச் செயல்களே பயிற்சிகளாகின்றன.

குடும்பத்தினரே வீட்டில் இப்பயிற்சியை அளித்தால் போதுமா? இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1250 நோயாளரைக் கொண்டு இது ஆராயப்பட்டது. 2017இல் முடிவு வெளியானது. குடும்பத்தினர் பயிற்றுவித்த பிரிவினர்க்கும் வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றோர்க்கும் 6 மாதங்களுக்குப் பின் வேறுபாடு காணப்படவில்லை.

2019இல் அமெரிக்காவில் மற்றோர் ஆய்வு வெளியானது. அதில் 124 பேர் பங்கேற்றனர். ஒரு பிரிவினர் நிலையத்திலும் மற்றப் பிரிவினர் தத்தம் வீட்டிலும் 70 நிமிடங்கள் கொண்ட 36 அமர்வுகள் பயின்றனர். வீட்டில் பயின்றோரைப் பாதி அமர்வுகளில் இயன்முறை மருத்துவர் காணொளி வழியே கண்காணித்தார். 66 மதிப்பெண் கொண்ட கையசைவு அளவையில் இரு பிரிவினரும் ஏறத்தாழ 8 மதிப்பெண் முன்னேறினர்.

இவ்விரு ஆய்வுகளும் அளந்தவை வெவ்வேறானவை. எனினும் அன்போடு அறிந்தவரின் பார்வையும் தேவை என்பதை இவை உணர்த்துகின்றன. கையை நீட்ட இயலாதவர் தம்மை அறியாமலே உடலை முன்சாய்த்துப் பொருளை எட்டுவார். வீட்டார் அதனை முன்னேற்றம் எனக் கருதுவர். மருத்துவரோ பிழையெனக் கண்டு திருத்துவார். தளர்ந்த கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு கெடும் என்பதையும் அவரே எச்சரிப்பார்.

இதற்குக் கைப்பேசியும் இணையமும் மட்டும் போதா. அதனை உரிய கோணத்தில் பிடிக்கவும், மருத்துவர் மலையாளத்தில் கூறுவதைத் தமிழில் எடுத்துரைக்கவும் ஒருவர் வேண்டும். இருமொழியும் அறிந்த பேரப்பிள்ளை அங்கு இருந்தால், தாத்தாவின் கை மீண்டும் குவளையைத் தூக்கும் நாளுக்கு அப்பிள்ளையும் துணைநின்றதாகும்.

அருஞ்சொற்பொருள்

குருதி – இரத்தம்
தூர்தல் – மண் நிறைந்து அடைபடுதல்
இயன்முறை மருத்துவர் – உடற்பயிற்சி முறைகளால் மருத்துவம் செய்பவர்

வினாக்கள்

1. செயலிழந்த கை பயிற்சியால் மீள்வது எவ்வாறு?
2. இரு ஆய்வுகளும் உணர்த்தும் கருத்து யாது?
3. உம் வீட்டுப் பெரியவர்க்கு இருமொழி அறிவால் நீர் எவ்வாறு உதவலாம்? ஐந்து தொடர்களில் எழுதுக.