கண்ணுக்கு எட்டாத யந்திரம்

காற்றை அமுக்கித் தொட்டியில் அடைத்துவைக்கும் கம்ப்ரஸர் என்னும் யந்திரத்தைப் பட்டறைகளில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். டயருக்குக் காற்று நிரப்பவும், வண்டிகளுக்கு வர்ணம் தெளிக்கவும் அது பயன்படுகிறது. அதன் இரைச்சல் பெரிது. ஆகையால் அதைக் கட்டடத்துக்கு வெளியே, ஒரு கொட்டகையில் வைப்பதுண்டு. உள்ளே வேலை செய்பவர் இருந்த இடத்திலிருந்தே அதை ஓட்டுவதும் நிறுத்துவதும் எப்படி? இதுவே நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள்.

நீண்ட கம்பியை இழுத்து, ஸ்விட்சை அருகே வைத்துக்கொண்டால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். 5 குதிரைத்திறன் மோட்டார், 415 வோல்ட் மும்முனை மின்சாரத்தில் ஓடும்போது ஏறக்குறைய 7 அல்லது 8 ஆம்பியர் கொள்ளும். நேரடியாகப் புறப்படும் கணத்திலோ அதைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். அத்தனை மின்சாரத்தையும் தடித்த கம்பிகளின் வழியே மேஜைவரை கொண்டுவருவது செலவும் ஆபத்தும் நிறைந்த காரியம்.

இதற்கு வழிகாட்டியவர் ஜோசப் ஹென்றி என்னும் அமெரிக்க விஞ்ஞானி. 1835-இல், பிரின்ஸ்டனில், தொலைவிலிருந்த ஒரு சிறு மின்காந்தத்தை இயக்கி, அதைக்கொண்டே ஒரு பெரிய மின்காந்தத்தின் மின்சுற்றைத் துண்டித்தார். பெரிய காந்தம் தாங்கியிருந்த பளு கீழே விழுந்தது. சிறிய மின்சாரம் பெரிய மின்சாரத்துக்குக் கட்டளை இடலாம் என்பது புலப்பட்டது. இன்று ரிலே என்று நாம் அழைப்பது இந்த ஏற்பாட்டைத்தான்.

நம் கொட்டகையிலும் இதே தத்துவந்தான். மேஜையிலுள்ள பச்சைப் பொத்தானை அழுத்தினால் ஒரு சிறு ரிலே மூடிக்கொள்கிறது. கையை எடுத்த பின்பும் தன் சுற்றைத் தானே பிடித்துக்கொள்கிறது. தொட்டியின் அழுத்தத்தை உணரும் ஸ்விட்சும் அதற்கு இசைந்தால், காண்டாக்டர் என்னும் பெரிய மின்காந்த ஸ்விட்சு மூடி, மோட்டார் ஓடும். அழுத்தம், சான்றாக, சதுர சென்டிமீட்டருக்கு 8 கிலோகிராம் ஆனதும் மோட்டார் நிற்கும். 6-க்கு இறங்கினால் மீண்டும் ஓடும். சிவப்புப் பொத்தான் ரிலேயை விடுவித்து எல்லாவற்றையும் நிறுத்துகிறது. அந்தப் பொத்தானுக்குச் செல்லும் கம்பி அறுந்தாலும் யந்திரம் நின்றுவிடும். மின்சாரம் தடைப்பட்டுத் திரும்பினாலும், ஒருவர் பச்சைப் பொத்தானை மறுபடி அழுத்தும்வரை அது புறப்படாது.

இங்கே ஒன்றை நீங்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். யந்திரம் மௌனமாக இருப்பதால் அது ஓய்ந்துவிட்டது என்று பொருளல்ல. அழுத்தம் குறைவதை எதிர்பார்த்துக் காத்திருக்கலாம். கொட்டகையில் ஒருவர் பெல்ட்டைச் சரிசெய்துகொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே வர்ணம் தெளிப்பவர் காற்றைச் செலவிடுகிறார், அழுத்தம் இறங்குகிறது, மோட்டார் சட்டென்று சுழல்கிறது. பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் இடையே விரல் இருந்தால் என்ன ஆகும்? பொத்தானை அழுத்தியவருக்கு அது தெரியவே வழியில்லை.

ஆகவே, தூரத்தில் எத்தனை பொத்தான்கள் இருந்தாலும், யந்திரத்தின் அருகில் மின்சாரத்தை முழுவதும் துண்டிக்கும் ஒரு ஸ்விட்சு இருக்க வேண்டும். அதைப் பூட்டவும் முடிய வேண்டும். பூட்டின் சாவி பழுதுபார்ப்பவரின் சட்டைப்பையில் இருக்கட்டும். தொட்டியிலுள்ள காற்றையும் அவர் முதலில் வெளியேற்றிவிடட்டும். இந்தியாவின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில், 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் இத்தகைய பூட்டும் ஏற்பாட்டை வற்புறுத்தியது. தற்செயலாக ஓடும் நிலைக்கு மாறிவிடக்கூடிய ஸ்விட்சுகளை அது கருத்தில் கொண்டது.

இன்று கம்பியே இல்லாமல் கைப்பேசியினாலும் மோட்டாரை இயக்கலாம். கட்டளை எவ்வழியே வந்தாலும் முடிவில் பெரிய மின்சாரத்தை இணைப்பது காண்டாக்டர்தான். கட்டளையிடுபவர் வேறு ஊரிலேயே இருக்கக்கூடுமாதலால், அந்தப் பூட்டின் அவசியம் முன்னைவிட மிகுந்திருக்கிறது.

415 வோல்ட் மின்சாரம் உயிரைப் பறிக்கக்கூடியது. அதை உரிமம் பெற்ற வயர்மேனிடம் விட்டுவிடுங்கள். இரும்பு ஆணியில் எனாமல் கம்பியைச் சுற்றி, டார்ச்சு பாட்டரியோடு இணைத்து, ஹென்றியின் சோதனையை நீங்களே சிறிய அளவில் செய்துபாருங்கள்.